“சீக்கிரம் படுங்கள்” என்ற அறிவுரை யாருக்குப் பொருந்தும்? கல்லூரி மாணவர்களின் தூக்கமின்மைக்கு ஒரு கல்வித் திட்டம்

கல்லூரி மாணவர்களிடையே தூக்கமின்மையைக் குறைக்க எட்டு வாரச் சுகாதாரக் கல்வித் திட்டம் ஒன்றை வடிவமைக்க வேண்டும், மூன்று விரிவுரைகளும் ஒரு கையேடும் முன்தேர்வு, பின்தேர்வும் போதுமா, உள்ளடக்கத்தில் எவற்றைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தபோது அதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாகத் தோன்றியது. தூக்கத்தைப் பற்றி மாணவர்களுக்கு என்ன சொல்லித் தருவது என்பது ஒன்று. தூக்கம் வராமல் தவிக்கும் மாணவர் எட்டு வாரத்திற்குப் பிறகு உண்மையிலேயே நன்றாகத் தூங்குவதற்கு என்ன செய்வது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு உங்கள் மூன்று விரிவுரைகள் தாராளமாகப் போதும். இரண்டாவதற்குப் போதாது. நீங்கள் இரண்டாவதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உளவியல் ஆலோசகராக, மாணவர் நலப் பிரிவில் பல ஆண்டுகளாகத் தூக்கப் பிரச்சினைகளோடு வருபவர்களைப் பார்த்து வருகிறேன். தொடக்க காலத்தில் நானும் உங்களைப் போலவே ஒரு விரிவுரைத் திட்டத்தை நடத்தினேன். மாலையில் காபி வேண்டாம், படுக்கையில் கைப்பேசி வேண்டாம், அறை இருட்டாக இருக்கட்டும், தினமும் ஒரே நேரத்தில் படுங்கள் என்று படங்களோடு சொன்னோம். பின்தேர்வில் அறிவு மதிப்பெண் நன்றாக உயர்ந்தது. தூக்கம் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருந்தது. “தூக்கச் சுகாதாரம்” எனப்படும் இந்த அறிவுரைத் தொகுப்பு 1977-இல் பீட்டர் ஹவுரி என்ற உளவியலாளரால் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்தது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாட்பட்ட தூக்கமின்மைக்கு இதைத் தனியொரு சிகிச்சையாகப் பயன்படுத்த வேண்டாம் என்றே பரிந்துரைத்திருக்கிறது. அறிவுரைகள் தவறானவை என்பது இதன் பொருள் ஆகாது. தூக்கமின்மை எந்த முடிச்சில் சிக்கியிருக்கிறதோ அந்த முடிச்சை அவை தொடுவதே இல்லை.

உள்ளடக்கத்தைத் தீர்மானிப்பதற்கு முன்பே, உங்கள் திட்டத்திற்குள் வருகிறவர்களைப் பிரித்தறிய வேண்டும். “எனக்குத் தூக்கமே சரியில்லை” என்று சொல்லும் மாணவர்களில் குறைந்தது மூன்று வகையினர் இருக்கிறார்கள். படுத்தால் உடனே தூங்கிவிடக்கூடியவர், ஆனால் எழுத்து வேலை, நண்பர்கள், திரை என்று படுப்பதையே தள்ளிப்போடுபவர், முதல் வகை. இவருக்கு இருப்பது தூக்கக் குறைவு; நோய் ஏதும் இல்லை. இரண்டாமவருக்கு உடலின் உயிர்க்கடிகாரமே பிந்தி ஓடுகிறது. விடுமுறையில் அதிகாலை 3 மணிக்குப் படுத்து முற்பகல் 11 மணிக்கு எழுந்தால் குறையின்றித் தூங்குவார், கல்லூரி நாளில் இரவு 11 மணிக்கே படுத்தால் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பார். 20 வயதை ஒட்டித்தான் மனிதர்களின் உயிர்க்கடிகாரம் வாழ்நாளிலேயே மிகவும் பிந்தி ஓடுகிறது என்பதை 2004-இல் டில் ரோனெபெர்க்கும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். ஆகவே கல்லூரியில் இவ்வகையினர் அதிகம் இருப்பது இயல்பே. மூன்றாமவர்தான் உண்மையான தூக்கமின்மைக்காரர்: தூங்குவதற்கு நேரமும் வாய்ப்பும் இருந்தும், வாரத்தில் 3 இரவுகளுக்குக் குறையாமல், 3 மாதங்களாவது தூக்கம் வராமலோ இடையில் கலைந்தோ போய், பகல் வாழ்க்கையும் அதனால் பாதிக்கப்படுபவர். மூவரும் ஒரே வினாத்தாளில் ஒரே மதிப்பெண் பெறக்கூடும். ஆனால் “சீக்கிரம் படுங்கள்” என்ற ஒரே வாக்கியம் முதலாமவருக்கு மருந்து, இரண்டாமவருக்கு வீண், மூன்றாமவருக்குக் கெடுதல். உங்கள் திட்டத்தில் நீங்கள் வேறு எதை விட்டாலும் இந்த வேறுபாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கெடுதல் என்று சொன்னதற்கு ஒரு நாட்குறிப்பைக் காட்டுகிறேன். மேலே சொன்ன விரிவுரையைக் கேட்ட இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் சில வாரங்கள் கழித்து என்னிடம் வந்தார். அதுவரை நள்ளிரவு 12 மணிக்குப் படுத்துக்கொண்டிருந்தவர், எங்கள் பேச்சை நம்பி 10 மணிக்கே விளக்கை அணைக்கத் தொடங்கியிருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமைக்கான பக்கத்தில் பென்சிலால் இப்படி எழுதியிருந்தார்: 10.00 படுத்தேன்; 1.30-க்கு மேல் தூங்கியிருப்பேன், 4.00 விழிப்பு, 5.00-க்குப் பிறகு மறுபடி தூக்கம், 8.00 எழுந்தேன். படுக்கையில் கிடந்தது 10 மணி நேரம், தூங்கியது ஐந்தரை மணி நேரம், அதாவது தூக்கத் திறன் 55 விழுக்காடு. 85 விழுக்காட்டுக்குக் குறைந்தாலே கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். ஓரத்தில், “இன்னும் சீக்கிரம் படுத்துப் பார்க்க வேண்டும்” என்று தனக்குத்தானே ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தார். அவர் சோம்பேறியும் அல்லர், அறியாதவரும் அல்லர். நாங்கள் சொல்லிக்கொடுத்ததை ஒன்றுவிடாமல் செய்து, அதனாலேயே விழித்துக் கிடக்கும் நேரத்தை நீட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் இன்றும் என் மனத்தில் இருக்கிறது.

இது ஏன் நடக்கிறது என்பதை மாணவர்களுக்கு ஒரே அமர்வில் விளக்க முடியும், விளக்கவும் வேண்டும். காரணம் புரியாமல் அடுத்து வரும் கடினமான பயிற்சியை யாரும் செய்யமாட்டார்கள். அலெக்ஸாண்டர் போர்பெலி 1982-இல் முன்வைத்த இரட்டைச் செயல்முறைக் கோட்பாடு இங்கே கைகொடுக்கும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தூக்கத்திற்கான அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. உயிர்க்கடிகாரம் அந்த அழுத்தத்தை எந்த நேரத்தில் தூக்கமாக மாற்றலாம் என்று வாசல் திறக்கிறது. பகலில் இரண்டு மணி நேரம் தூங்கியோ, காலையில் வெகுநேரம் படுக்கையில் கிடந்தோ அழுத்தத்தைச் செலவழித்துவிட்டு, வாசல் திறப்பதற்கு முன்பே போய்ப் படுத்தால் விழிப்புதான் மிஞ்சும். ஆர்தர் ஸ்பீல்மன் 1987-இல் சொன்ன இன்னொரு விளக்கமும் மாணவர்களுக்கு எளிதில் பிடிபடுகிறது. இயல்பிலேயே கவலைப்படும் சுபாவம் போன்ற முன்காரணிகள் சிலரிடம் இருக்கும். தேர்வு, பிரிவு, வீட்டுச் சிக்கல் போன்ற ஒரு நிகழ்வு தூக்கத்தைக் கெடுக்கும். ஆனால் அந்த நிகழ்வு முடிந்த பிறகும் தூக்கமின்மையை நீடிக்கச் செய்பவை, இழந்த தூக்கத்தை ஈடுகட்ட நாமே செய்யும் சீக்கிரப் படுக்கை, பகல் தூக்கம், கடிகாரம் பார்த்தல் ஆகியவைதாம். தூண்டிய காரணத்தை நாம் மாற்ற முடியாமல் போகலாம்; நீடிக்க வைப்பதை மாற்ற முடியும். சுகாதாரக் கல்விக்கு உண்மையில் இடம் இருப்பது இந்த மூன்றாவது படியில்தான்.

ஆகவே உங்கள் திட்டத்தின் நடுப்பகுதி, தூக்கமின்மைக்கான அறிதல்சார் நடத்தைச் சிகிச்சையிலிருந்து (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும், மருந்தில்லாச் சிகிச்சை) எடுத்த இரண்டு பயிற்சிகளாக இருக்க வேண்டும். அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இலும் ஐரோப்பியத் தூக்க ஆராய்ச்சிச் சங்கம் 2017-இலும் மாத்திரைக்கு முன் முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது இதைத்தான். ஒரு பயிற்சி, ரிச்சர்ட் பூட்ஸின் 1972-இல் வகுத்த தூண்டல் கட்டுப்பாடு: தூக்கம் கண்ணைச் சொருகும்போது மட்டும் படுப்பது, ஏறத்தாழ 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வெளியே வந்துவிடுவது, மறுபடி தூக்கம் வந்தால் திரும்பிப் போவது, எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது. மற்றொன்று படுக்கை நேரக் கட்டுப்பாடு: இரண்டு வார நாட்குறிப்பில் சராசரியாகத் தூங்கிய நேரம் எவ்வளவோ ஏறத்தாழ அந்த அளவுக்கு மட்டும் படுக்கையில் இருப்பது, ஆனால் 5 அல்லது ஐந்தரை மணி நேரத்திற்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது, தூக்கத் திறன் 85 விழுக்காட்டைத் தாண்டியதும் வாரத்திற்கு 15 நிமிடமாகக் கூட்டுவது. அந்த மாணவியிடம் நான் சொன்னதும் இதுவே: 10 மணிக்குப் படுக்காதீர்கள், 1 மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழுங்கள். முதல் வாரம் மிகவும் சிரமப்பட்டார். ஐந்தாம் வாரத்தில் நள்ளிரவு வாக்கில் படுத்து ஆறரை வரை பெரும்பாலும் தொடர்ச்சியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

இவற்றை வகுப்பறையில் சொல்வது எளிது, விடுதி அறையில் செய்வது கடினம் என்பதை வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. “படுக்கையைத் தூக்கத்திற்கு மட்டுமே பயன்படுத்துங்கள்” என்கிறோம். விடுதி மாணவருக்கு அந்தக் கட்டில்தான் நாற்காலி, படிப்பு மேசை, சாப்பிடும் இடம், நண்பர்கள் வந்தால் உட்காரும் திண்ணை, எல்லாமே. இரவு 2 மணிக்கு எழுந்து வெளியே போ என்றால் எங்கே போவார்? இதற்கு விடை காண்பதற்கென்றே குழு அமர்வு ஒன்றை ஒதுக்குங்கள். விடையை நீங்கள் சொல்லாமல் அவர்களையே சொல்ல விடுங்கள். என் குழுக்களில் வந்த யோசனைகள் சில நன்றாகவே வேலை செய்தன. பகலில் கட்டிலின் மேல் வேறொரு விரிப்பைப் போட்டு, தலையணையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, இரவில் படுக்கப் போகும்போது மட்டும் விரிப்பை எடுத்துத் தலையணையை வைப்பது அவற்றில் ஒன்று. பகலில் உட்காரும்போது கால்மாட்டில்தான் உட்காருவது என்று ஒருவர் வைத்துக்கொண்டார். தூக்கம் வராதபோது உட்கார நடைவழியில் மங்கலான விளக்கடியில் இரண்டு நாற்காலிகளைப் போட்டு வைக்குமாறு விடுதிக் காப்பாளரைக் கேட்டுக்கொண்ட குழுவும் உண்டு. அறைத்தோழர் விளக்கு எரிய வைத்துப் படிப்பதைப் பற்றி அவரிடமே எப்படிப் பேசுவது என்று குழுவில் ஒத்திகை பார்த்தோம். பல மாணவர்களுக்கு ஒளி, ஒலி பற்றிய விரிவுரையைவிட அந்தப் பத்து நிமிட ஒத்திகை அதிகம் பயன்பட்டது.

அடுத்து, தூக்கத்தைப் பற்றிய பயம். “இன்று இரவு 8 மணி நேரம் தூங்காவிட்டால் நாளைத் தேர்வு தொலைந்தது” என்று எண்ணுகிறவருக்கு அந்த எண்ணமே தூக்கத்தை விரட்டிவிடும். 18 முதல் 25 வயது வரை 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்ற பரிந்துரையை நாம் அச்சுறுத்தும் தொனியில் சொன்னால், முதல் வகை மாணவர் அதைக் காதில் வாங்கமாட்டார், மூன்றாம் வகை மாணவர் இன்னும் கலங்குவார். இங்கே எனக்குப் பெரிதும் உதவிய, 2019-இல் வெளியான ஆய்வு, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வேதியியல் பாடம் படித்த 88 மாணவர்களிடம் கையில் அணியும் கருவிகளைக் கொண்டு நடத்தப்பட்டது. தேர்வுக்கு முந்தைய ஓர் இரவின் தூக்கத்திற்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தென்படவில்லை. முந்தைய வாரமும் மாதமும் எப்படித் தூங்கினார்கள் என்பதற்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருந்தது. ஒரே பாடத்தில் கிடைத்த தொடர்பு இது, காரணத்தை மெய்ப்பிக்கும் சோதனை ஆகாது. ஆயினும் ஒரு கெட்ட இரவைக் கண்டு நடுங்க வேண்டாம், மாதம் முழுவதையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல இது நல்ல ஆதாரம். தூக்கம் பற்றிய தவறான நம்பிக்கைகளை அளக்க சார்ல்ஸ் மொரின் உருவாக்கிய அளவுகோலின் 16 கூற்று வடிவத்தை முதல் அமர்விலும் கடைசி அமர்விலும் கொடுத்துப் பாருங்கள். பேச்சைத் தொடங்கவும் அது உதவும்.

காபி, கைப்பேசி, மது ஆகியவற்றுக்கு ஓர் அமர்வில் பாதி போதும். காஃபீன், தூக்க அழுத்தத்தின் தூதுவனான அடினோசின் அமரும் இடங்களை அடைத்துக்கொள்கிறது. உடலில் அதன் அளவு பாதியாகச் சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது, ஆளுக்கு ஆள் இது மிகவும் வேறுபடும். 2013-இல் வந்த ஒரு சோதனையில், படுப்பதற்கு 6 மணி நேரத்திற்கு முன் 400 மில்லிகிராம் எடுத்துக்கொண்டவர்களுக்கே ஒரு மணி நேரத்திற்கும் மேலான தூக்கம் குறைந்தது. மது தூக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவந்து பின்னிரவில் கலைத்துவிடும். திரையைப் பொறுத்தவரை நாம் மிகைப்படுத்துகிறோம் என்பது என் கருத்து. 2015-இல் வெளியான ஆய்வில், படுக்கும் முன் 4 மணி நேரம் ஒளிரும் மின்நூல் கருவியில் படித்தவர்களுக்கு, அச்சு நூல் படித்தவர்களைவிடத் தூக்கம் வரச் சுமார் 10 நிமிடமே கூடுதலாக ஆனது. கைப்பேசியின் நீல ஒளியைவிட, அதில் நடக்கும் உரையாடலும் “இன்னும் ஒன்று” என்ற இழுப்பும் முதல் வகை மாணவரின் படுக்கும் நேரத்தைத் தள்ளுவதுதான் பெரிய சேதம்.

திட்டத்தின் சட்டகத்திற்கு, சுகாதாரக் கல்வித் திட்டங்களை வகுக்க லாரன்ஸ் கிரீன் 1970-களில் உருவாக்கிய பிரிசீட் மாதிரியைப் பரிந்துரைப்பேன். பின்னர் அது பிரிசீட்-புரொசீட் என விரிவடைந்தது. கோட்பாட்டு அத்தியாயத்தை நிரப்புவதற்காக இதைச் சொல்லவில்லை. மாணவரின் அறிவு, மனப்பாங்கு என்ற முன்காரணிகளோடு நின்றுவிடாமல், செயலைச் சாத்தியமாக்கும் காரணிகளையும் வலுவூட்டும் காரணிகளையும் தேடிப் பட்டியலிட அது நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. அப்படித் தேடினால் நிறுவனத்தின் பங்கு கண்ணுக்குத் தெரியும். ஒப்படைப்புகளை இணையத்தில் சேர்க்கக் கடைசி நேரம் இரவு 11.59 என்று வைத்திருக்கும் துறை, மாலை 5 மணி என்று மாற்றினாலே எத்தனையோ பேர் நள்ளிரவில் விழித்திருக்க வேண்டியதில்லை. நூலக நேரம், விடுதியில் சத்தம் அடங்கும் நேரம், காலை முதல் வகுப்பின் நேரம் ஆகியவையும் அப்படியே. மாணவரை மட்டும் திருத்தி, அவரை விழித்திருக்க வைக்கும் ஏற்பாட்டைத் தொடாமல் விடும் திட்டம் நியாயமானது என்று நான் நினைக்கவில்லை.

எட்டு வாரத்தை நான் இப்படிப் பயன்படுத்துவேன். முதல் இரண்டு வாரம் வினாத்தாளும் நாட்குறிப்பும் மட்டும். அதன் முடிவில் மூன்று வகையாகப் பிரித்தல். முதல் வகையினருக்கு நேரத் திட்டமிடல் பற்றிய இரண்டு சிறு அமர்வுகள் போதும். பிந்திய கடிகாரக்காரர்களுக்கு, எழும் நேரத்தை நிலைப்படுத்துவதும் எழுந்தவுடன் வெளிச்சத்தில் இருப்பதும் மாலை வெளிச்சத்தைக் குறைப்பதும். தூக்கமின்மை உள்ளவர்களுக்கு, 8 பேருக்கு மிகாத குழுவாக வாரம் ஒரு முறை ஐந்து அமர்வுகள். கடைசி வாரம் அளவீட்டுக்கு. இதற்கெல்லாம் முன்பாகப் பாதுகாப்பை உறுதி செய்யுங்கள். படுக்கை நேரக் கட்டுப்பாடு, இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளவருக்கு மன எழுச்சியைத் தூண்டலாம். வலிப்பு நோய் உள்ளவருக்கு ஆபத்தாகலாம். நீண்ட தூரம் வண்டி ஓட்டுகிறவர் முதல் வாரங்களில் கண் அயரக்கூடும். இவர்களையும், உரத்த குறட்டையோடு மூச்சு நிற்பதாகப் பிறர் சொல்பவரையும், இரவில் கால்களில் பொறுக்க முடியாத குறுகுறுப்பு உள்ளவரையும், தூக்க மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவரையும் மருத்துவரிடம் அனுப்புங்கள். தூக்கமின்மையும் தற்கொலை எண்ணமும் பலமுறை சேர்ந்தே வருகின்றன. அதைப் பற்றிய கேள்வி ஒன்றை வினாத்தாளில் சேர்த்தால், “ஆம்” என்று விடையளித்தவரை அன்றைக்கே சந்திக்க ஆள் இருக்க வேண்டும். வாரக் கடைசியில் தாள்களைத் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது.

மதிப்பீட்டில், அறிவு மதிப்பெண்ணை முதன்மை விளைவாக வைக்காதீர்கள். அது எப்போதும் உயரும். 7 வினாக்களும் 28 மதிப்பெண்ணும் கொண்ட தூக்கமின்மைத் தீவிரக் குறியீட்டை முதன்மையாக வையுங்கள்; 15-உம் அதற்கு மேலும் மிதமான அல்லது கடுமையான தூக்கமின்மையைக் குறிக்கும். பிட்ஸ்பர்க் தூக்கத் தரக் குறியீடு புகழ்பெற்றது என்றாலும், அதில் மோசமான தூக்கத்தின் எல்லையான 5-ஐத் தாண்டுவோர் மிகப் பலர். 2010-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 1,125 மாணவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தாண்டினார்கள். அவர்கள் அனைவரும் தூக்கமின்மை நோயாளிகள் அல்லர். ஒப்பிட்டுப் பார்க்கப் பயிற்சி பெறாத கட்டுப்பாட்டுக் குழு இல்லாமல் முன்தேர்வும் பின்தேர்வும் மட்டும் வைத்தால், தேர்வு மாதத்தில் அளந்து தேர்வு முடிந்த பின் மறுபடி அளந்ததாலேயே முன்னேற்றம் தெரியும். காத்திருப்போர் குழு ஒன்றை வைத்து, எட்டு வாரம் கழித்து அவர்களுக்கும் பயிற்சி தாருங்கள். ஒரே அறையில் இருப்பவர்கள் பேசிக்கொள்வார்கள் என்பதால் விடுதித் தளங்களை அலகாகக் கொண்டு குலுக்கல் முறையில் பிரிக்கலாம், ஆனால் அதற்கு விலை உண்டு. மதிப்பெண்களின் சிதறலைக் காட்டும் திட்டவிலக்கம் 5, எதிர்பார்க்கும் வேறுபாடு 3 புள்ளி என்று கொண்டால், அந்த வேறுபாட்டைக் கண்டறியும் வாய்ப்பு (திறன்) 80 விழுக்காடாக இருக்கக் குழுவுக்கு 44 பேர் போதும். தளத்திற்கு 20 பேர், ஒரே தளத்தவர் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவான உள்தொடர்பு 0.05 என்றால் அது 1.95 மடங்காகி 86 ஆகும். நால்வரில் ஒருவர் விலகினால் 115 பேரைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

விலகல் என்பதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 2017-இல் டேனியல் ஃப்ரீமன் குழுவினர் பிரிட்டனின் 26 பல்கலைக்கழகங்களில் 3,755 மாணவர்களிடம் இணையவழிச் சிகிச்சையைச் சோதித்தபோது தூக்கமின்மை தெளிவாகக் குறைந்தது. ஆனால் சிகிச்சைக் குழுவில் ஆறு அமர்வுகளையும் திறந்து பார்த்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. நடத்தைப் பயிற்சிகள் மாணவர்களிடம் பலன் தருகின்றன என்பதும், தூக்கச் சுகாதார விரிவுரை தனியாக நாட்பட்ட தூக்கமின்மையைத் தீர்க்காது என்பதும் உறுதியாகச் சொல்லக்கூடியவை. சிகிச்சையாளர் அல்லாத ஆசிரியரோ செவிலியரோ குழுவை நடத்தினால் அதே பலன் கிடைக்குமா, ஒரு பருவம் தாண்டியும் நிலைக்குமா, மதிப்பெண் உயருமா என்பவை இன்னும் விவாதத்துக்குரியவை. அவற்றை உங்கள் ஆய்வின் முடிவாக முன்கூட்டியே எழுதிவிடாமல் கேள்விகளாக வையுங்கள். விரிப்பு, நாற்காலி பற்றி நான் சொன்னவை என் குழுக்களின் அனுபவம் மட்டுமே. நான் மருத்துவரும் அல்லன். மேலே குறிப்பிட்ட விலக்குப் பட்டியலை உங்கள் கல்லூரி மருத்துவரும் நெறிமுறைக் குழுவும் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே தொடங்குங்கள்.

இந்த வாரமே ஒரு காரியம் செய்யலாம். இருபது மாணவர்களிடம் ஒரு வாரத்திற்கு நாட்குறிப்பு எழுதச் சொல்லுங்கள்: படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், இடையில் விழித்தது, எழுந்த நேரம், பகல் தூக்கம், கடைசிக் காபி. ஒவ்வொரு தாளிலும் படுக்கையில் இருந்த நேரத்தையும் தூங்கிய நேரத்தையும் அருகருகே எழுதிப் பாருங்கள். இரண்டும் குறைவாக இருக்கும் தாள்களையும், முதலாவது நீண்டு இரண்டாவது குறுகியிருக்கும் தாள்களையும், விடுமுறை நாளில் மட்டும் எல்லாமே மூன்று மணி நேரம் தள்ளிப்போகும் தாள்களையும் மேசைமேல் தனித்தனியாக அடுக்குங்கள். எந்த அடுக்கு பெரிதாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அமர்வுகளின் உள்ளடக்கத்தை அதற்கேற்ப வகுத்துக்கொள்ளலாம்.